ஒன்றேகால் கிலோ வாள்

உலகத்தில் இல்லாத ஒரு பொருளுக்கு எடை போட்டு, அந்த எடை குறைகிறதே என்று உலகத்தில் இருக்கிறவர்களின் உயிரை வாங்கிய ஒரே மனிதர் கிலோ சாமிதான். திருவனந்தபுரம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இன்னொருவர் கிடைக்க மாட்டார். கிடைக்கவும் வேண்டாம். ஒருவரிடம் நான் பட்டதே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

கழக்கூட்டத்தில் ஒரு வீட்டு மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. விரல் வைத்து வருகையைப் பதிவு செய்யும் மெஷின்களுக்கு சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தோம். நாகர்கோவிலிலிருந்து வந்த எனக்கு அங்கே போன் எடுக்கிற வேலை. "விரல் பதியலை" என்று நாள் முழுக்க யாராவது கத்துவார்கள். "விரலைத் துடைச்சிட்டு வைங்க" என்று நான் சொல்வேன். அதற்கு மேல் அந்த உத்தியோகத்தில் ஒன்றுமில்லை.

தலையில் மாட்டிக்கொள்கிற விர்ச்சுவல் ரியாலிட்டி ஹெட்செட் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. முதலாளி ஷாஜி சார் அதை எங்கேயோ மாட்டிப் பார்த்துவிட்டு, மந்திரித்துவிட்ட கோழி மாதிரி திரும்பி வந்தார். "நம்ம ஒரு வாள் சண்டை கேம் உண்டாக்கப் போறோம், கேட்டோ!" என்றார். அவர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைக்காரர். ஒரே வாக்கியத்துக்குள் எல்லையின் இரண்டு பக்கமும் போய்வருவார். எதிரிகளுக்கு வசனம் எழுத ஆள் வேண்டும் என்றதும் நான் கையைத் தூக்கினேன். அன்றைக்கு அந்தக் கையை யாராவது பிடித்து இறக்கியிருந்தால் அவருக்குக் கோயில் கட்டியிருப்பேன்.

கேமுக்குள் வாள் எப்படி அசைய வேண்டும், பட்டால் என்ன ஆக வேண்டும் என்று நிரல் எழுதுகிற பொறுப்பு கிலோ சாமிக்கு. கரமனை அக்கிரகாரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். நாற்பது வயது இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு கொக்கித் தராசு, பழைய பேப்பர்காரர்கள் வைத்திருப்பார்களே, அது. முதல் நாள் நான் வணக்கம் சொல்வதற்குள் என் பையை அதில் மாட்டித் தூக்கினார்.

"மூணே முக்கால் கிலோ. இதைத் தோள்ல போட்டுண்டு உன்னால சண்டை போட முடியுமோ?"

"எதுக்கு சாமி சண்டை போடணும்?"

"முடியாதோல்லியோ? அதாக்கும் எடைங்கறது!"

ஹெட்செட்டை மாட்டினால் கண்ணுக்கு முன்னால் பளபளவென்று வாள் தெரியும். கையில் இருப்பது என்னவோ டிவி ரிமோட் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கட்டைதான். சாமி அதையும் தராசில் மாட்டினார். முகம் சிவந்துவிட்டது. "இருநூறு கிராம்! இதை வாள்னு சொன்னா மகாபாவம். இது கொசு அடிக்கற பேட்!" என்று கத்தினார். அன்றிலிருந்து கேமில் இருந்த வாளுக்கு ஒன்றேகால் கிலோ எடை வைத்தார். அதாவது, நாம் கையை எத்தனை வேகமாக வீசினாலும், கண்ணுக்குத் தெரிகிற வாள் ஒன்றேகால் கிலோ வாள் எப்படி வருமோ அப்படி நிதானமாகத்தான் பின்னால் வரும். மணிக்கட்டை ஆட்டிப் பிரயோஜனமில்லை. தோளிலிருந்து வீச வேண்டும்.

"அது ஏன் சாமி ஒன்றேகால்?" என்று கேட்டேன்.

"ஒரு கிலோன்னா விளையாட்டு. ஒன்றரைன்னா வேலை. நடுவுல இருக்கறதுதான் சண்டை."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காலை முழுக்க அதை வீசிப் பார்த்துவிட்டு மத்தியானம் சாப்பாட்டுக் கையை வாய்வரை கொண்டுபோக முடியாமல், வாயைத் தட்டுவரை கொண்டுபோனவன் நான். ஷாஜி சார் கெஞ்சினார். "சாமீ, வாள் லேட்டா வந்தா கம்ப்யூட்டர் ஹேங் ஆவுதுன்னு ஆளுகள் நினைக்கும். கொறச்சு குறைக்கணும்." சாமி அசையவில்லை. "ராமபாணம் லேட்டா வந்ததுன்னு யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணினாளா?" என்றார்.

பிறகு மின்விசிறி விவகாரம். தலைக்கு மேலே ஓங்கி வெட்டியபோது என் கை விசிறியில் பட்டு மூன்று விரல் வீங்கிவிட்டது. மூளை உள்ள எவனும் ஓங்கி வெட்டுவதை கேமிலிருந்து எடுத்திருப்பான். சாமி விசிறியைக் கழற்றச் சொன்னார். அதுவும் ஏப்ரல் மாதத்தில். "மேலேர்ந்து வெட்டாம என்ன ஓய் வாள் சண்டை? வெண்டைக்காயா நறுக்கறோம்?" என்றார். வியர்வையில் ஹெட்செட் வழுக்கி வழுக்கி மூக்கில் வந்து நிற்கும். ஒரு வாரம் விரல் கட்டோடு நான் வேலைக்குப் போனேன். வருகை மெஷின் என் விரலைப் பதிய மறுத்தது. "துடைச்சிட்டு வை ஓய்" என்றார் சாமி.

ஒரு நாள் வெட்டுக்கத்தியோடு வந்து என்னைக் கீழே தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். வாள் ஓர் உடம்பில் இறங்கும்போது எவ்வளவு வேகம் குறைகிறது என்று பார்க்க வேண்டுமாம். வாழை மரத்தை வெட்டுவாராம், நான் போனில் படம் பிடிக்க வேண்டுமாம். குலை வெட்டிய வாழை, எப்படியும் சாய்க்க வேண்டிய வாழை, அங்கே இரண்டு நின்றன. சாமி அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆள் கனம் இல்லை" என்று தள்ளிவிட்டு, குலையோடு கொழுகொழுவென்று நின்ற செவ்வாழையை ஒரே வீச்சில் சாய்த்தார். வீட்டுக்காரம்மா அம்மிணி டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"எந்தா சாமீ இது! ஓணத்துக்கு வெச்ச குலையல்லே!"

"மன்னிக்கணும் டீச்சர். பக்ஷே, நல்ல ஒண்ணாந்தரம் டேட்டா" என்றார் சாமி. அந்தக் குலைக்காக இரண்டு மாதம் டீச்சர் வீட்டு அரிசியைத் தூக்கிக்கொண்டு மாவு மில்லுக்குப் போய்வந்தவன் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

வசனம் எழுதத்தான் போனேன் என்று சொன்னேன் அல்லவா, மூன்று வருஷத்தில் நான் எழுதிய மொத்த வசனம் "ஆ!" மட்டும்தான். எதிரிகள் எப்படி விழ வேண்டும் என்று பதிவு செய்ய ஒரு நிஜ ஆள் விழ வேண்டியிருந்தது. இடுப்பிலும் கையிலும் கருவிகளைக் கட்டி, ஒரு பழைய மெத்தையில் என்னைத் தள்ளினார்கள். ஒரே பகலில் அறுபது தடவை செத்திருக்கிறேன். "பொய்யா விழறே ஓய். அடி பட்டவன் மெத்தை எங்கேன்னு பாத்துண்டா விழுவான்?" என்று மெத்தையையும் எடுத்துவிட்டார். அன்றைக்கு அவரை நான் மனதுக்குள் திட்டிய திட்டை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

கடைசியில் அந்த நாள் வந்தது. பெங்களூரு கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்து விளையாடிப் பார்க்கப் போகிறார். பிடித்தால் கேமை அவர்கள் வெளியிடுவார்கள். பிடிக்காவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று ஷாஜி சார் சொல்லிவிட்டார். எல்லோரும் மறுபடி விரல் மெஷினுக்குப் போக வேண்டும், நான் மறுபடி போனுக்கு. மூன்று வருஷம் விழுந்து செத்தது "விரலைத் துடைச்சிட்டு வைங்க" என்று சொல்லவா? மத்தியானம் சாமி சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போன நேரத்தில் அவர் கம்ப்யூட்டரில் என் பெயரிலேயே நுழைந்தேன். வாளின் எடை என்று ஓர் எண் இருந்தது. ஒன்றேகாலை அழித்து, சைபர் போட்டேன்.

அந்தப் பெண் ஹெட்செட்டை மாட்டினார். மணிக்கட்டை இப்படியும் அப்படியும் ஆட்டினார், கொசு பேட்டேதான். இரண்டே நிமிஷத்தில் பன்னிரண்டு எதிரிகளும், அதாவது பன்னிரண்டு நானும், குவியலாகக் கிடந்தோம். அவர் கழற்றி வைத்துவிட்டு, "நைஸ்" என்று சொல்லிப் போனைப் பார்த்தார்.

சாமி அவருடைய மணிக்கட்டைப் பார்த்த உடனேயே கம்ப்யூட்டருக்குப் பாய்ந்தார். எல்லாம் போச்சு என்று நினைத்த ஷாஜி சார் பின்னாலேயே போய், "எந்தா ஆச்சு சாமீ? கனம் எங்கே போச்சு? ஆரு மாத்தியது?" என்று பல்லைக் கடித்தார். எந்த மாற்றத்தை யார் செய்தாலும் அதில் பதிந்துவிடும். திரையில் சைபரும், பக்கத்தில் என் பெயரும், மணியும் தெளிவாக இருந்தன. ஷாஜி சாருக்கு அதைப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். சாமி திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார்.

"நானாக்கும். டெஸ்டுக்குப் போட்டேன். திரும்ப மாத்த மறந்துடுத்து" என்று சொல்லித் திரையில் இருந்த அந்தப் பட்டியலை மூடினார்.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஒரு வாரத்தில் பெங்களூரிலிருந்து கடிதம் வந்தது. கேமை எடுத்துக்கொள்கிறார்கள். வாள் லேசாக, ஜாலியாக இருந்ததாம். அதை அப்படியே வைத்திருக்க வேண்டுமாம். ஷாஜி சார் சாமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "சாமீ, உங்க சைபர் ஐடியா கலக்கி!" என்று கூத்தாடினார். உண்மையை நான் எப்படிச் சொல்வது? முன்னால் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். இப்போது சொன்னால் அவருடைய பெயரைத் தட்டிப் பறிக்க வந்தவன் ஆவேன். இப்படி ஓர் அநியாயம் யாருக்காவது நடக்குமா?

கம்பெனி ஓணம் விழாவில் சிறந்த யோசனைக்காக அவருக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். சாமி மேடையிலேயே அதைக் கொக்கித் தராசில் மாட்டினார். "நூத்தம்பது கிராம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். மறுவாரமே ராஜினாமா. கேம் வெளிவந்தது. விளையாடியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் வாளில் கனமே இல்லை என்று எழுதினார்கள். கேமின் பெயர்ப் பட்டியலில் வாள் வடிவமைப்பு என்று முதலில் ஓடிய பெயர் அவருடையது. ஒன்றேகால் கிலோவுக்காக மூன்று வருஷம் ஊரையே பகைத்துக்கொண்ட மனிதரை, கனம் தெரியாதவர் என்று முகம் தெரியாதவர்கள் எல்லாம் ஏசினார்கள். அதைப் படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

போன மாதம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். இப்போது எலெக்ட்ரானிக் தராசு செய்கிற கம்பெனியில் இருக்கிறாராம். வேறு எங்கே இருப்பார்? பேச்சுக்கு முன்னால் என் பையைத் தூக்கிப் பார்த்து, "நாலரை" என்றார். இத்தனை வருஷம் கேட்காமல் விட்டதை நான் கேட்டுவிட்டேன்.

"சாமி, அன்னைக்கு ஸ்கிரீன்ல எம்பேருல்லா இருந்துது. ஏன் நீங்க செஞ்சதா சொன்னீங்க?"

"எனக்காக நீ எத்தனை தடவை செத்திருப்பே ஓய்?"

"எண்ணல்லியே சாமி."

"நான் எண்ணிருக்கேன். ரெண்டாயிரத்து நூத்திப் பதினாலு. அத்தனை தடவை செத்தவனை ஒரு தடவை காப்பாத்தப்படாதோ?"

கரமனை பஸ் வந்தது. குடையை இடுக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டார். அவரைத் திட்டித் தீர்க்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த பஸ் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி அவர் "விழு ஓய்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இந்த இடுப்பு வலியோடு, தம்பானூர் ஸ்டாண்டு என்றும் பாராமல், மெத்தை எங்கே என்று தேடாமல் விழுந்திருப்பேன்.