கைகுலுக்கியின் தொடர்புகள்

இடது கையில் தட்டு, வலது கையில் பழச்சாறு. அமைச்சரின் கொள்கை ஆலோசகரோ நேராக அவரை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார். கைகுலுக்க ஒரு கை வேண்டும். எதை, எங்கே வைப்பது?

தூதரக விருந்துகளில் மேசை என்று ஒன்று கண்ணில் படவே படாது. நின்றபடியே தின்று, நின்றபடியே சிரித்து, நின்றபடியே ஒருவரையொருவர் கழற்றிவிடுவார்கள். அவர் அவசரமாக டம்ளரைத் தட்டின்மேல் வைத்தார். தட்டு சாய்ந்து, சாறு முழுவதும் ஆலோசகரின் கோட்டுக் கையில் இறங்கியது.

"ஐயோ, மன்னிச்சிருங்க சார்."

"பரவாயில்ல. நீங்க யாரு?"

"வணிகத் துறைல பிரிவு அலுவலர் சார்."

அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் 'கைகுலுக்கி'. ஆறு வருடமாக எந்தத் தூதரகத்தில் விருந்து என்றாலும், யார் காலையாவது பிடித்து அழைப்பிதழ் வாங்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பார். வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய விசிட்டிங் கார்டுகள் இருந்தன. அதில் ஒரு புண்ணியவானாவது திரும்பிப் பேசியிருக்க வேண்டுமே.

அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் வேலையை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தவர்தான். அவருக்குக் கீழே இருந்தவன், ஒரு கடிதத்தை ஒழுங்காக எழுதத் தெரியாதவன், செயலாளரோடு டென்னிஸ் ஆடியே மேலே போய்விட்டான். அன்றைக்குப் பிறந்த ஞானம்தான் இந்த டப்பா.

இப்போது, இந்த விருந்தைக் கொடுத்த நாட்டில் இருக்கும் நம் தூதரகத்தில், வணிக அதிகாரி பதவி ஒன்று காலியாக இருந்தது. நேர்காணல் முடிந்து மூன்று மாதம் ஆகியும் முடிவு வெளியே வரவில்லை. ஐம்பது வயது தாண்டினால் அனுப்ப மாட்டார்கள். அவருக்கு நாற்பத்தொன்பதே முக்கால். இதை விட்டால் இன்னொன்று கிடையாது. சாறு காய்வதற்குள் அதை ஆலோசகரிடம் சொல்லிவிட்டார்.

ஆலோசகர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அந்தப் போஸ்ட்டா? சொல்லிப் பாக்கலாம். ஆமா, இந்தத் தூதரகத்துல உங்களுக்கு ஆள் பழக்கமா?"

"எல்லாருமே பழக்கம் சார்."

அவருக்குப் பழக்கமானவர் வாசல் காவலாளி மட்டுமே.

"என் மருமகனுக்கு விசா நிக்குது. படிக்கப் போனப்ப, குடுத்த நாளுக்கு மேல தங்கிட்டான். அதைக் கிளப்பி விடுங்க. உங்க விஷயத்தை நான் பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் தோசைக்கல்லிலிருந்து கண்ணைக்கூடத் திருப்பாத நிதானத்தோடு கேட்டாள். "உங்களுக்கு அங்க யாரைத் தெரியும்?"

"இனிமேதான் தெரிஞ்சுக்கணும்."

காவலாளியைப் பிடித்து, வரவேற்பறைப் பெண்ணைப் பிடித்து, நான்காம் நாள், தூதரகத்தின் முதல் செயலரின் அறைக்குள் நுழைந்துவிட்டார். முதல் செயலர் நம் மொழியைப் புத்தகம் வைத்துக் கற்றவர்.

"விசா சிறிய காரியம். ஆனால் எனக்கு இப்பொழுது மனம் சரியில்லை. என் நாய் சிறையில் உள்ளது."

விசாரித்ததில், வெளிநாட்டிலிருந்து வரும் விலங்குகளை நோய்ச் சோதனைக்காக அடைத்துவைக்கும் விமான நிலையத் தனிமைக் கூடத்தில் நாய் இருந்தது. கைகுலுக்கி நெஞ்சை நிமிர்த்தி, "நாளைக்கே வெளிய கொண்டாரேன்" என்றார். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

விமான நிலையக் கால்நடை மருத்துவர் கண்டிப்பான அம்மாள்.

"ஊசி போட்ட தேதி சரியில்ல. முப்பது நாள் இங்கதான் இருக்கணும்."

"அவரு வீட்லயே தனியா வச்சுக்கட்டுமே மேடம்."

"தூதரகக்காரங்க வீட்டுக்குள்ள நான் சோதனைக்குப் போக முடியாது. கேட்டைத் தாண்டினா அவங்க ராஜ்ஜியம். உள்ளூர்க்காரர் யாராவது கையெழுத்துப் போட்டுத் தன் வீட்ல வச்சுக்கலாம். நான் எப்ப வேணாலும் வந்து பாப்பேன்."

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். உள்ளூர்க்காரர் என்று அங்கே அவர் ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார்.

நாய் கன்றுக்குட்டி அளவு இருந்தது. வீடோ ஒரே படுக்கையறை. படுக்கையறையை நாய்க்குக் கொடுத்துவிட்டு மூவரும் கூடத்துக்கு வந்தார்கள். பரீட்சைக்குப் படிக்கும் மகள் அடுப்படியில் புத்தகத்தை விரித்தாள். அந்த நாய் யாரையும் கடிக்கவில்லை, பாவம். அழுதது. இரண்டாம் நாள் பின்பக்கத் தண்ணீர்க் குழாயைக் கடித்து இழுத்துவிட்டது. தண்ணீர் கீழ்வீட்டுக்கு, அதாவது வீட்டுக்காரரின் மெத்தைமேல், ஒழுகியது.

வீட்டுக்காரர் படியேறி வந்தார். "இந்த வாரத்துக்குள்ள நாய் போகணும். இல்ல, நீங்க போகணும்."

மறுபடி கால்நடை மருத்துவரிடம் ஓடினார்.

"சான்றிதழ் கொஞ்சம் சீக்கிரம் கெடைச்சா நல்லாருக்கும் மேடம்."

அந்த அம்மாள் அவர் கையெழுத்தையும் பெயரையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். "அரசுக் குடியிருப்புப் பட்டியல்ல முதல் பேரு உங்களுது இல்ல?"

"ஆமா மேடம். ஒன்பது வருஷமாக் காத்திருந்து இப்பத்தான் வந்திருக்கு."

"ரெண்டாவது பேரு என்னுது. எங்கம்மாவுக்குப் படி ஏற முடியல. அது தரைத்தள வீடு." சொல்லிவிட்டுச் சான்றிதழ்ப் படிவத்தை இழுப்பறைக்குள் வைத்தார். மூடவில்லை.

கைகுலுக்கி அங்கேயே விட்டுக்கொடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நாம்தான் வெளிநாடு போகிறோமே, இங்கே குடியிருப்பு எதற்கு என்று வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தார்.

மனைவி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பார்.

"போன மாசமே போய்ப் பாத்துட்டு வந்தேன். எந்த ஜன்னல்ல வெயில் வரும்னுகூட எனக்குத் தெரியும். நம்ம பொண்ணுக்குன்னு ஒரு ரூம் இருந்துச்சு அதுல."

"அங்க இதைவிடப் பெரிய வீடு குடுப்பாங்க."

"குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் பக்கெட்டை எடுத்துக்கொண்டு தரையைத் துடைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் நாய் விடுதலையானது. முதல் செயலர் கண் கலங்கி, "நீர் என் உடன்பிறப்பு" என்று கட்டிக்கொண்டார். நாயும் கைகுலுக்கியின் முகத்தை நக்கியது. ஆறு வருடத்தில் தூதரக வட்டாரத்தில் அவர்மேல் யாரும் காட்டிய முதல் பிரியம் அது. அந்த வாரமே விசா கிளம்பிவிட்டது.

வீட்டுக்காரர் மட்டும் இறங்கி வரவில்லை. "வேற ஆளுக்குச் சொல்லிட்டேன். அடுத்த மாசம் காலி பண்ணிருங்க."

"தாராளமா. நாங்களே வெளிநாடு போறோம்" என்று கைகுலுக்கி அவர் கையையும் பிடித்துக் குலுக்கினார்.

ஆலோசகர் தொலைபேசியில் உருகினார். "மறக்க மாட்டேன். உங்க விஷயம் என் மனசுலயே இருக்கு." அதற்குப் பிறகு அந்த எண் எடுக்கப்படவே இல்லை.

ஒன்றாம் தேதி காலை அறிவிப்புப் பலகையில் ஆணை தொங்கியது. வணிக அதிகாரியாக நியமனம் பெற்றவரின் பெயரைப் படித்தார். இரண்டு முறை படித்தார். விசாவுக்காக முதல் செயலரிடம் தானே எழுதிக் கொடுத்த பெயர் அது. ஆலோசகரின் மருமகன்.

நேராகப் பணியாளர் பிரிவுக்குள் நுழைந்து எழுத்தர் முன்னால் உட்கார்ந்தார். எழுத்தர் உறைகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"இது எப்ப முடிவாச்சு?"

"நேர்காணல் நடந்த வாரமே முடிவாயிருச்சு சார். அந்தப் பையனுக்கு விசா கெடைக்கலன்னுதான் வெளிய விடாம வச்சிருந்தாங்க. மாமனாரு ஏறாத படியில்ல. ஒண்ணும் நடக்கல. நேத்தோட கெடு. நேத்துக்குள்ள விசா வரலன்னா ரெண்டாவது பேருக்கு ஆணை போட்டிருக்கணும். நான் டைப்கூட அடிச்சு வச்சிட்டேன். கடைசி வாரத்துல எவனோ வாங்கிக் குடுத்துட்டான்."

கைகுலுக்கி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ரெண்டாவது யாரு?"

எழுத்தர் பசைக் கையைத் துடைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதான் சார். அந்தப் பட்டியல்லயே சிபாரிசு இல்லாம, மார்க்கை மட்டும் வச்சு வந்த ஒரே பேரு."