கனகாவின் புது முட்டிகள்

மாகறல்,
ஞாயிறு காலை.

அன்பு மச்சான் மோகன்குமாருக்கு,

உன் மாமா ராஜாராம் எழுதுவது. ஊரில் மழை பரவாயில்லை, நெல் நன்றாக இருக்கிறது, உன் அக்கா கனகா அளவுக்கு மீறிய சௌக்கியம். நான்தான் சௌக்கியமில்லை. அதற்குக் காரணம் நீ.

போன தையில் அக்காவின் இரண்டு முட்டியையும் மாற்றியே தீரவேண்டும் என்று எங்களை அழைத்துப்போனாயே, அன்று டாக்டர் ஒரு மாதிரியைக் கையில் வைத்துக் காட்டினார். தொடை எலும்புக்கு ஓர் உலோகத் தொப்பி, காலெலும்பின் மேல் ஓர் உலோகத் தட்டு, நடுவில் வழுக்கிக்கொடுக்க ஒரு பிளாஸ்டிக் வில்லை. தேய்ந்தால் அந்த வில்லைதான் தேயும், பெரும்பாலும் இருபது வருஷம் தாங்கும் என்றார். நீ பூரித்துப்போனாய். எனக்கு அறுபத்தெட்டு வயது, இருபது வருஷம் நான் தாங்குவேனா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. முன்பெல்லாம் அவள் முனகிக்கொண்டே தெருமுனை திரும்புவதற்குள் முனியன் டீக்கடையில் இரண்டு மைசூர் போண்டாவும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் முடித்து வாயைத் துடைத்துவிடுவேன். போன செவ்வாய்க்கிழமை போண்டாவில் முதல் கடி கடிக்கிறேன், முதுகுக்குப் பின்னால், "இன்னா துன்னுக்கினு கீறீங்க?" சத்தமே இல்லாமல் வந்து நிற்கிறாள்! முனியன் வேறு, "தெனம் ரெண்டுதான்க்கா, அதுக்கு மேல நான் குடுக்கறதில்ல" என்று எனக்குச் சாட்சி சொல்கிறான்.

மறுநாளே செக்கப் என்று சாக்குச் சொல்லி அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். "சார், ஓயாம நடந்துக்கினே கீறா. வில்லை தேஞ்சிடும். கொஞ்சம் உக்காரச் சொல்லுங்க" என்றேன். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "தேய்மானமே இல்ல. குந்தக்கூடாது, குதிக்கக்கூடாது, அவ்வளவுதான். நடக்கறதுக்குத்தானே பெரியவரே வெச்சோம்?" உன் அக்கா அதோடு விட்டாளா? "டாக்டர், இவருக்குச் சக்கரை எவ்ளோ கீதுன்னு பாருங்க." முந்நூற்றுப் பத்து. அன்றிலிருந்து விடிந்தால் செய்யாற்றங்கரையில் அவள் முன்னால் விடுவிடுவென்று போகிறாள், நான் பின்னால் நொண்டிக்கொண்டு.

ஆகவே உடனே காரோடு வந்து அக்காவை மூன்று மாதம் உன் வீட்டில் வைத்துக்கொள். உன் மகள் பூஜா குட்டிக்கு என் ஆசிகள். உங்கள் எல்லோரையும் மாகறலீஸ்வரர் காப்பாற்றட்டும், என்னை நீ காப்பாற்று.

இப்படிக்கு,
உன் மாமா ராஜாராம்

பி.கு: கடிதத்தைத் தபாலில் போட நாலு நாள் ஆகிவிட்டது. கார் வேண்டாம். நான் நொண்டுவதைப் பார்த்து உன் அக்கா என்னையும் இழுத்துப்போய்க் காட்டினாள். எனக்கும் வலது முட்டி போய்விட்டதாம். சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன் என்பதால் போண்டாவை நானே நிறுத்திவிட்டேன். அக்காவுடையதைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகிற முட்டி இருக்கிறதா என்று கேட்டால் டாக்டர் சிரிக்கிறார். நீ சென்னையில் விசாரி. அவளிடம் சொல்லாதே.