நாளைக்குக் கொடுத்துவிடுவார் சினாப்சிஸ்

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு நல்ல செய்தி வந்தது. அன்றைக்கு ஏறிய ரத்த அழுத்தம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. அதைச் சொல்வதற்கு முன் எதிர்வீட்டு மாடிக்காரரைச் சொல்லிவிட வேண்டும். துருவுக்குக் குடை பிடித்துவிட்டுத் தான் மழையில் நனைந்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

அவருடைய பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. சினாப்சிஸ் என்போம். அறிவியலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்குகிறவர்கள் முதலில் ஆய்வின் சுருக்கத்தை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அதற்குத்தான் அந்தப் பெயர். "நாளைக்கு சினாப்சிஸ் குடுத்துருவேன்" என்று அவர் ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உதவித்தொகை நின்று நாலு வருடம் ஆகியிருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுத்துக் காலம் தள்ளினார்.

அவருடைய ஆராய்ச்சி துருவைப் பற்றியது. மாடி ஜன்னல் முழுக்க ஊறுகாய் ஜாடிகள். ஊருணித் தண்ணீர், சாக்கோட்டைக் கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் என்று ஒவ்வொன்றிலும் ஆணிகள் ஊறிக்கொண்டிருக்கும். அவர் குடிவந்த வாரமே என் மனைவி சொன்னாள்: "ஏங்க, எதுத்த வீட்டு ஆளு ஆணியில ஊறுகா போடுறாரு."

ஒரு கிறிஸ்துமஸுக்கு எங்கள் இரும்புக் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க டப்பாவைத் திறந்தேன். மாடியிலிருந்து லுங்கியோடு ஓடிவந்தார்.

"சார், நிப்பாட்டுங்க! இது சாதாரணத் துரு இல்ல. இந்த மாதிரித் துருவத் தேடி நான் ராமேஸ்வரம் வரைக்கும் போயிருக்கேன்."

நான் கணக்கு வாத்தியார். இருபது வருட வேலையில் என்னையோ என் சொத்தையோ யாரும் புகழ்ந்ததில்லை. டப்பாவை மூடிவிட்டேன். மூன்று வருடம் அந்த இரும்புக் கேட்டு அப்படியே நின்றது. வாரம் ஒருமுறை வந்து கொண்டிக்குக் கீழே ஒரு சாண் இடத்தை அளவெடுப்பார். மழை வந்தால், "ரீடிங் மாறிரும் சார்" என்று கேட்டுக்குக் குடை பிடிப்பார்.

இனி அந்தச் சனிக்கிழமை. என் மகள் ஸ்டெல்லா எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்து, தேசிய அளவிலான தேர்வு ஒன்றை எழுதியிருந்தாள். தேறிவிட்டாள் என்று தபால் வந்தது. மாதாமாதம் உதவித்தொகை தருவார்கள். நான் கடிதத்தை அத்தோடு மடித்துவிட்டுத் தெரு முழுக்க லட்டுக் கொடுத்தேன். சினாப்சிஸ்தான் லட்டைக் கடித்துக்கொண்டே அடுத்த பக்கத்தையும் படித்தார்.

"சார், ஆறு மாசத்துக்குள்ள ஒரு கைடு இந்தப் புள்ளையச் சேத்துக்கணும். இல்லாட்டி இது வெறும் பேப்பருதான்."

வழிகாட்டும் பேராசிரியர் ஒருவர் தன்னிடம் இடம் தர வேண்டும். தவறினால் ஸ்டெல்லாவுக்கு என் மைத்துனர் பார்த்து வைத்திருந்த திண்டுக்கல் மாப்பிள்ளைதான். அவருக்குக் கறிவேப்பிலை மொத்த வியாபாரம். அவள் அன்று இரவு சாப்பிடவில்லை. நான் இரண்டு பங்கு சாப்பிட்டேன். கவலை வந்தால் எனக்கு அப்படித்தான்.

சினாப்சிஸ் சொல்லச் சொல்ல இருபத்து மூன்று பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதினோம். ஒவ்வொன்றிலும் எங்கள் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்று. விலாசம் எழுதியது நான். பதில்கள் என் கையெழுத்திலேயே திரும்பி வந்தன. தபால்காரர் தெருமுனையிலேயே கூவுவார்:

"சார், நீங்க உங்களுக்கே போட்ட லெட்டரு இன்னைக்கு மூணு வந்திருக்கு!"

எல்லாவற்றிலும் ஒரே வரி: இடம் இல்லை. மனைவி அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். "எதுக்கும் இருக்கட்டும் அக்கா" என்று சினாப்சிஸ் பிள்ளையார்பட்டிக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். ஐந்து மாதம் ஓடிவிட்டது.

கடைசியில் எங்கள் ஊரிலேயே ஒரு பேராசிரியர் இருப்பது தெரிந்தது. எந்த நிறுவனம் என்று சொல்லமாட்டேன். இன்றும் காலை நடையில் அவரைப் பார்க்கிறேன். சினாப்சிஸிடம் கேட்டபோது, "அவரா... நல்ல மனுசன்" என்று ஜாடிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பெரிய மனிதரிடம் பெரிய காரியம் கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போவதா? எவர்சில்வர் தாம்பாளத்தில் ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை பாக்கு, கல்கண்டு, மல்லிகைப் பூ. மனைவிக்குப் பட்டு. ஸ்டெல்லாவுக்கும் பட்டு. அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள். நான்தான் கட்டச் சொன்னேன். நல்ல நேரம் பார்த்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பினோம். துணைக்கு வந்த சினாப்சிஸ் தெருமுனைப் பெட்டிக்கடையோடு நின்றுவிட்டார்.

"நான் இங்குட்டே நிக்கிறேன் சார். நீங்க போய்ட்டு வாங்க."

பேராசிரியரின் மனைவி கதவைத் திறந்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். பட்டுச் சேலையைப் பார்த்தார். முகம் மலர்ந்து உட்காரச் சொல்லி, ஸ்டெல்லாவுக்குச் சமையல் வருமா, பாட்டு வருமா என்று விசாரித்தார். பிஎச்.டி.க்கு இதெல்லாம்கூடக் கேட்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, "எல்லாம் வரும்மா" என்றேன் நான். அவர் தயங்கினார்.

"பொண்ணு லட்சணமா இருக்கு. நாங்க மதமெல்லாம் பாக்குறதில்ல. ஆனா தப்பா நினைச்சுக்கிராதீக, எங்க பையன் இப்பத்தான் ப்ளஸ் டூ படிக்கிறான்."

அந்தப் பையன் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தான். ஸ்டெல்லா தரையைப் பார்த்தாள். தரை பிளந்திருந்தால் முதலில் குதித்திருப்பவன் நான்தான்.

சத்தம் கேட்டு வந்த பேராசிரியர் விஷயம் தெரிந்து சிரித்தார். ஸ்டெல்லாவிடம் கால் மணி நேரம் ஏதேதோ கேட்டார். அவள் பட்டுச்சேலையை மறந்துவிட்டுப் பதில் சொன்னாள். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நல்ல பொண்ணு சார். ஆனா எங்கிட்ட எட்டு இடம்தான். எட்டாவது ஆளு ஒன்பது வருஷமா நாளைக்கு சினாப்சிஸ் தர்றேங்கிறான். தந்தாத்தான் அந்த இடம் காலி. அவன் என்னடான்னா வீட்டுக்கு வீடு ஆணி பொறுக்கிக்கிட்டுத் திரியிறானாம்."

அவர் வாங்க மறுத்த தாம்பாளத்தோடு வெளியே வந்தேன். பெட்டிக்கடை வரை நடப்பதற்குள் இருபது வருட வகுப்பறைத் திட்டுகள் அத்தனையையும் வரிசைப்படுத்திவிட்டேன். பக்கத்தில் போனதும் அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன சொன்னாக சார்?"

"பழம் சாப்பிடுங்க" என்று தாம்பாளத்தை நீட்டினேன்.

அவர் ஓர் ஆரஞ்சை எடுத்தார். உரிக்கவில்லை. "ஆணி இன்னும் முழுசாத் துருப்பிடிக்கல சார். பாதியில எப்புடி எழுதுறதுன்னுதான்..." என்று ஆரஞ்சைப் பார்த்துச் சொன்னார்.

அன்றிலிருந்து ஜன்னல் சாத்தியே இருந்தது. அளவெடுக்க வரவில்லை. மூன்று வாரம் போய்விட்டது. ஸ்டெல்லா பேசுவதை நிறுத்தினாள். மைத்துனர் திண்டுக்கல்லிலிருந்து ஒரு கட்டுக் கறிவேப்பிலை கொடுத்தனுப்பினார்.

கெடு முடிய எட்டு நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம் வாசல் கேட்டு கிறீச்சிட்டது. இஸ்திரி போட்ட சட்டையில் சினாப்சிஸ் நின்றார். அந்தச் சட்டையில் அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"குடுத்துட்டேன் சார். ஸ்டெல்லாவத் திங்கக்கிழமை வந்து சேரச் சொன்னாக. பட்டுச்சேலை வேணாமாம்."

உள்ளே என் மகள் அழும் சத்தம் கேட்டது. அவர் கேட்டின் கொண்டியை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"இனிமே இதுக்குப் பெயின்ட் அடிச்சுக்கங்க சார்."

அடித்தேன். கொண்டிக்குக் கீழே ஒரு சாண் இடத்தை மட்டும் இன்றுவரை விட்டுவைத்திருக்கிறேன்.