முனியைத் திருநிலைப்படுத்திய வரலாறு

உலகத்துச் சொற்களிலெல்லாம் உயர்ந்தது 'திருநிலைப்படுத்துதல்' என்பதே. இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அந்த ஒரு சொல்லுக்காகப் பட்டணத்துப் பாச்சாங்கில், குளிர்சாதன அறையில், மூன்று கூட்டங்கள் நடந்தன. எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளின் கூரை ஐந்து வருஷமாய் ஒழுகுகிறது. அதற்கு ஒரு கூட்டமும் நடந்ததில்லை. சொல்லின் பெருமையை இதிலிருந்தே அறியலாம்.

மெர்லிமாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் நான் குலை வெட்டுகிறவன். தோட்டத்து எல்லையில் எங்கள் காவல் சாமி முனி இருந்தார். முழங்கால் உயரக் கருங்கல். என் மகள் வாணி பாம்புக் கடியிலிருந்து பிழைத்தபோது அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன்: உயிருள்ளவரை வெள்ளிதோறும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவேன் என்று. இருபத்தாறு வருஷம் தவறவில்லை. வேலை முடிந்து, முள் குத்திய கையோடுதான் ஊற்றுவேன். முனி முகம் சுளித்ததில்லை.

இப்படி ஒரு சாமி 'முறையில்லாமல்' கிடப்பதைக் கேள்விப்பட்டுப் பட்டணத்துப் பெரியவர்கள் மனம் நொந்தார்கள். உடனே திருப்பணிக் குழு. தலைவர் நிவேந்திரன். செயலாளர் தேவிஸ்ரீ. தோட்டத்துப் 'பிரதிநிதிகள்' நானும் காளிமுத்துவும். கூட்டத்துக்கு நாற்காலி போடவும் ஆள் வேண்டுமல்லவா?

அழைப்பிதழில் கும்பாபிஷேகம் என்று போடுவதா, குடமுழுக்கு என்று போடுவதா? இதுவே முதல் இரண்டு கூட்டங்களின் பொருள். மூன்றாவதில் காளிமுத்து வாயைத் திறந்தான்.

"கும்பாபிஷேகம்னா என்னா தலைவரே?"

"கும்பம்னா குடம். அபிஷேகம்னா ஊத்துறது. குடத்துத் தண்ணிய சாமி மேல ஊத்துறது லா."

"அதத்தானே இந்த அண்ணன் இருவத்தாறு வருஷமா ஊத்திக்கிட்டு இருக்காரு?"

தலைவர் என்னைக் கருணையோடு பார்த்தார். "அவரு செய்றது குளிப்பாட்டுறது. இது கும்பாபிஷேகம்."

குடமுழுக்குக்கும் அதே பொருள்தான் என்று தெரியவந்தது. வாளி வாடை அடிப்பதாகச் சொல்லி இரண்டு சொற்களும் தள்ளுபடி செய்யப்பட்டன.

தேவிஸ்ரீ கைப்பேசியைத் தடவினாள். "தலைவரே, இங்கிலீஷ்ல கான்சிக்ரேட்னு சொல்றாங்கள்ல, அதோட வேரு லத்தீனாம். பொதுவுலேர்ந்து எடுத்து, சாமிக்குன்னு தனியா ஒதுக்கி வைக்கிறதாம். தமிழ்ல திருநிலைப்படுத்துதல்னு போட்டுடலாம். கெத்தா இருக்கும்."

"ஒதுக்கி வைக்கிறது!" தலைவர் மேசையைத் தட்டினார். "இதத்தான் லா நானும் தேடிக்கிட்டிருந்தேன்!"

"யாருகிட்டேர்ந்து ஒதுக்குறது?" என்றான் காளிமுத்து.

இந்தக் கேள்வி முறைப்படி ஏற்கப்பட்டு, தேநீர் இடைவேளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. இடைவேளையில் தேநீரோடு தின்னக் கறிபாப் வந்தது. பதில் வரவில்லை.

முனியைச் சுற்றி ஒரு கோயில் எழும்பியது. விழா அமோகம். நாற்பத்தெட்டுக் குடங்களைக் கோயில் சாரத்தில் ஏற்றிய பெரும்பேறு எனக்கே கிடைத்தது. ஊற்றும் நேரம் வந்ததும் இறங்கச் சொன்னார்கள். படத்தில் நான் மறைக்கிறேனாம்.

அடுத்த வெள்ளி, வழக்கம்போல் வாளியோடு போனேன். வாசலில் எவர்சில்வர்க் கம்பி. உள்ளே பட்டு வேட்டியில் ஒரு புது முனி. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர். தேவிஸ்ரீ ஓடி வந்தாள்.

"அங்கிள், வாளியோட எங்க போறீங்க?"

"முனியக் குளிப்பாட்டணும்மா. வேண்டுதல்."

"இனிமே குருக்கள் மட்டும்தான் தொடணும் அங்கிள். இல்லாட்டி பவர் போயிடுமாம்."

"இவரு நம்ம முனி இல்லியேம்மா. அவரு எங்க?"

"ஓ, அந்தப் பழைய கல்லா? வீணாக்க வேணாம்னு தலைவர் பின்னால வைக்கச் சொல்லிட்டாரு."

பின்னால் போனேன். அங்கே புதுக் கழிவறை கட்டியிருந்தார்கள். காற்றில் கதவு அடித்துக்கொள்ளாதபடி, முனியை அதற்கு முட்டாக வைத்திருந்தார்கள்.

வாக்கு வாக்குதான். வாளியை அங்கேயே கவிழ்த்தேன்.

செயலாளர் படித்துச் சொன்ன பொருளில் பிழையே இல்லை. பொதுவிலிருந்து எடுத்துத் தனியே ஒதுக்கி வைப்பதுதான் திருநிலைப்படுத்துதல் என்றால், அன்று அந்த வளாகத்தில் முறைப்படி திருநிலைப்படுத்தப்பட்டவர்கள் இருவர்: கழிவறைக் கதவைத் தாங்கிய முனி, வெறும் வாளியோடு அவர் எதிரே நின்ற நான். இவ்வளவு பாடுபட்ட தலைவருக்கு மட்டும் இந்தப் பாக்கியம் இன்னும் வாய்க்கவில்லை. மனசு கேட்கவில்லை. ஈரக் கல்லைத் தொட்டு, "சாமி, அவரையும் சீக்கிரம் திருநிலைப்படுத்து" என்று வேண்டிக்கொண்டேன்.

என் வேண்டுதலை முனி இதுவரை தட்டியதில்லை.