கடைசி எபிசோடு வரை வாய் திறக்காதவர்

சீரியல் பார்ப்பவர்கள் என்றாலே மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் என்று நினைப்பவரா நீங்கள்? அப்படியானால் ஜப்பான் சீரியல்காரரை நீங்கள் இன்னும் சந்தித்ததில்லை. இவர் அழமாட்டார். கத்தமாட்டார். சொல்ல வேண்டிய இடத்தில் வாயையே திறக்கமாட்டார். வியாதியே அதுதான்.

திண்டுக்கல்லில் இந்த இனத்தின் முதல் ஆள் மதியழகன். செம்பட்டி சாலையில் ஒரு நூல்மில்லில் கணக்கர். முப்பதைத் தாண்டியவர், வீட்டில் பெண் பார்க்கும் பேச்சை எடுத்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுகிறவர். இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம், நாகல் நகரில் விசிடி வாடகைக்கு விடும் முனீர், சண்டைப் படம் என்று நினைத்து எடுத்துக் கொடுத்த உறைக்குள் சண்டை இல்லை. டோக்கியோவில் ஒரு ஆபீஸ் இருந்தது. பேனா பென்சில் விற்கிற கம்பெனி, பக்கத்துப் பக்கத்து மேஜையில் ஒருவன், ஒருத்தி, பதினோரு எபிசோடு. அதற்குள் அவன் அவள் கையைத் தொட்டானா? இல்லை. காதல் என்ற சொல்லையாவது சொன்னானா? மூச்சு விடவில்லை. அவள் சோர்ந்திருக்கும் நாளில் யாருக்கும் தெரியாமல் ஒரு பன்னை வாங்கி அவள் மேஜையில் வைப்பான். அவள் அதைப் பார்ப்பாள். ஜன்னலுக்கு வெளியே ரயில் போகும். எபிசோடு முடிந்துவிடும்.

இதில் அப்படி என்ன இருக்கிறது என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். நம் சீரியலில் மாமியார் ஒருமுறை முறைத்தால் மூன்று பக்கத்திலிருந்தும் இடிச் சத்தத்தோடு காட்டுகிறார்கள், அங்கேயோ ஒருத்தி டீ ஊற்றினால் டீ விழுகிற சத்தம்தான் கேட்கிறது, அதிலேயே அவள் மனசு முழுக்கத் தெரிந்துவிடுகிறது என்று ஆரம்பித்து, நீங்கள் பஸ்ஸைத் தவறவிடுகிறவரை சொல்வார். உண்மையில் அவரை மயக்கியது டீ அல்ல. மனசில் இருப்பதைச் சொல்லாமலேயே எதிராளிக்குப் புரிந்துவிடுகிற ஊர் ஒன்று இருக்கிறது என்கிற செய்தி. பயந்தவனுக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறு உண்டா?

ஏனென்றால் இவருக்கும் ஒரு பக்கத்து மேஜை இருந்தது. அதில் மலர்விழி இருந்தாள். நூல்மூட்டை அனுப்புகிற பிரிவைப் பார்ப்பவள், குஜிலியம்பாறைக்காரி, எதற்கும் கலகலவென்று சிரிப்பவள். மதியழகனுக்கு அவள்மேல் உயிர். சீரியலில் வருவதுபோலவே அவளிடம் வவுச்சரை இரண்டு கையாலும் நீட்டி இடுப்பை வளைத்தார். முதுகுவலிக்கு ஒரு தைலம் நல்லது என்று அவள் சொன்னாள். மழையே பெய்யாத வெயிலில் குடையோடு வந்தார். ஒருநாள் பெய்தது. தான் நனைந்துகொண்டே அவளுக்குக் குடையை நீட்டினார். நடுவில் வந்த செபாஸ்தியம்மாள், நூலைக் கோனில் சுற்றும் பிரிவைக் கவனிக்கிற மூத்த அம்மாள், "நல்லா இருப்பே அப்பு" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மனம் தளரவில்லை. செவ்வாய்க்கிழமைதான் அதிக லோடு கிளம்பும், அவள் வாடிப்போவாள். ஆகவே செவ்வாய்தோறும் யாரும் வருமுன் அவள் மேஜையில் ஒரு பன் வைத்தார். அவள் அதை எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். பிறகு பிய்த்து எல்லோருக்கும் ஒரு துண்டு கொடுத்தாள், அவருக்கும். மதியழகனுக்கு உடம்பே புல்லரித்தது. டோக்கியோக்காரி வெறுமனே பார்த்ததோடு சரி. இவள் கண்ணிலேயே ஒற்றிக்கொள்கிறாளே.

ஆடியில் ஆரம்பித்த பன், கார்த்திகைவரை ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் செபாஸ்தியம்மாள் ஆபீஸுக்குள் வர, மலர்விழி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒங்க அந்தோனியார் பன்னு வீண் போகல. வாராவாரம் வேண்டிக்கிட்டேன், நல்ல எடமா வந்திருக்கு. நாளைக்கு எங்க வீட்டுல பதில் சொல்லணும்."

செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டு பன் கொடுப்பது திண்டுக்கல்லில் யாருக்குத் தெரியாது? மதியழகனுக்கும் தெரியும். ஆனால் அந்த நாலு மாதமும் அவர் டோக்கியோவில் அல்லவா இருந்தார்.

"நான் ஒண்ணும் வைக்கலையேத்தா" என்றார் செபாஸ்தியம்மாள். குடை ஞாபகம் வந்ததோ என்னவோ, அவர் பார்வை மெதுவாக மதியழகன் பக்கம் திரும்பியது. ஆபீஸே திரும்பியது.

"நீங்களா சார்?" என்றாள் மலர்விழி. "எதுக்கு வச்சீங்க?"

அவள் சிரிக்கவில்லை. நாளைக்குத்தான் பதில், இன்றைக்கு ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை அவர் தொண்டைவரை வந்தும்விட்டது. ஆனால் கடைசி எபிசோடில் இந்த இடத்தில் அந்த டோக்கியோக்காரன் ஜன்னலைப் பார்த்தான். இவரும் பார்த்தார். வெளியே பஞ்சு லாரி ஒன்று ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. திரும்பி, இடுப்பை வளைத்து, அவன் சொன்னதையே சொன்னார்.

"ஒங்களோட வேலை பாத்ததுல ரொம்பச் சந்தோஷங்க."

டோக்கியோவில் இதைக் கேட்டுத்தான் அவள் கண் கலங்கினாள்.

"அம்புட்டுத்தானா சார்?"

"அம்புட்டுத்தாங்க."

மலர்விழி போய் உட்கார்ந்து லோடு சீட்டு எழுத ஆரம்பித்தாள். தை மாதம் கல்யாணம். மதியழகன் பந்தியில் நின்று பரிமாறினார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று பெண்வீட்டார் மெச்சினார்கள். அவருக்கு நெஞ்சு வலித்தது, பாவம். அதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

நீங்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஜப்பான் சீரியல் பக்கமே போனதில்லை, எனக்கு இந்த வியாதி இல்லை என்கிறீர்கள். இந்த இனத்தில் சேர சீரியல் எதற்கு? யாரோ ஒருவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று உங்களிடம் ரொம்ப நாளாக இருக்கிறது. அவருக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அவருக்குத் தெரியாது.