சுதாவுடையதைவிடப் பெரிய துண்டு

என் பொறாமையின் நீளம் ஐந்து சென்டிமீட்டர். நானே அளந்திருக்கிறேன்.

என் பெரியம்மா மகள் சுதா பெர்லினுக்குப் போய்வந்தபோது, அந்த ஊரை ஒரு காலத்தில் இரண்டாகப் பிரித்து வைத்திருந்த சுவரின் ஐந்து சென்டிமீட்டர் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். புனேயை ஒட்டிய தேஹு ரோட்டில் பெரியம்மா வீட்டு ஷோகேஸில், சாமி படத்துக்குக் கீழே, பெரியப்பாவின் பணிநிறைவுக் கேடயத்தை ஓரம் தள்ளிவிட்டு அது உட்கார்ந்துகொண்டது. வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்த்து, “நீ எப்ப போற?” என்பார்கள். (நான் புனேயில் கான்கிரீட் பரிசோதனைக்கூட எஞ்சினியர். சுதா படித்தது காமர்ஸ். கான்கிரீட்டிலுமா அவள் முந்துவது?)

அடுத்த வருடம் ஒரு பயிற்சிக்காக ஆபீஸில் என்னை அதே ஊருக்கு அனுப்பினார்கள். பட்டியல் போடாமல் நான் எதையும் தொடங்குவதில்லை. போனில் எழுதினேன்: சுவரைப் பார்க்க வேண்டும். வரலாறு படிக்க வேண்டும். சுதாவுடையதைவிடப் பெரிய துண்டு.

மூன்றாவதிலிருந்து ஆரம்பித்தேன்.

மிஞ்சியிருக்கும் சுவரின் முன்னால் ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் அவர் காலருகே குனிந்து கல் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. சற்றுத் தள்ளி, வண்ணக் கிறுக்கல்களோடு இன்னொரு சுவர் பாதி இடிந்து நின்றது. அடியில் குவியலாகத் துண்டுகள். கேட்பார் இல்லை. (அது ஏன் என்று ஒரு எஞ்சினியருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.) பன்னிரண்டு சென்டிமீட்டரில் ஒன்றைப் பொறுக்கி, சாக்ஸில் சுற்றி, சுவரோடு செல்ஃபியும் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, மொத்தக் குடும்பமும் பெரியம்மா வீட்டில். என் துண்டை ஷோகேஸில் வைத்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

“சுதா, உன்னோடது கடையில வாங்கினதுதானே? அசல்தானான்னு அப்பா பாத்துச் சொல்லட்டும்.”

அப்பா ராணுவக் கிடங்கில் சரக்கு வரவுப் பிரிவில் இருந்தவர். வந்த பொருளைச் சோதிக்காமல் உள்ளே விட்டதில்லை. ஸ்கூட்டர் சாவியால் சுதாவின் துண்டைக் கீறினார். சாவிதான் தேய்ந்தது. “நல்ல ஜல்லி. பக்கா கான்கிரீட்.” என்னுடையதைக் கீறினார். பெரியம்மாவின் வெள்ளை மேஜைவிரிப்பில் சிவப்பாகப் பொடி கொட்டியது.

“ஏம்மா, இது செங்கல்லு,” என்றார். “நம்ம புனே ஏரவாடாவுலயே கிடைக்குமே.”

சுதா நிதானமாகப் போனை எடுத்து என் செல்ஃபியைப் பெரிதாக்கினாள். “அரே, உன் தோளுக்குப் பின்னாடி பாருடி. ஒரு கதவுல ஆம்பள படம், இன்னொண்ணுல பொம்பள படம்.”

பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “அய்யே, கக்கூஸு செவுரு. அதையாடி சாமி படத்துக்குக் கீழ வச்ச?”

கான்கிரீட் எஞ்சினியர் மேஜைவிரிப்பிலிருந்த செங்கல் பொடியைத் தட்டப் போனாள்.

விமானமேறி வந்த பொருளைத் தூக்கி எறியப் பெரியம்மாவுக்கு மனம் வரவில்லை. இப்போது அது அவர் வீட்டுக் குளியலறைக் கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக்கொடுக்கிறது. யார் உள்ளே போனாலும் கூடத்திலிருந்து குரல் வரும்: “பெர்லினை நகத்திட்டுக் கதவச் சாத்து.”

போன வாரம் நானும் நகர்த்தினேன். (இருந்தாலும் சொல்கிறேன்: சுதாவுடையதைவிட ஏழு சென்டிமீட்டர் பெரியது.)