பண்பாடு பொருந்திய மனநல ஆலோசகர் தேவை

தமிழருக்கு மனநோய் வந்துதான் தீரவேண்டும் என்றால் அது தமிழில் வந்து, தமிழில் முற்றி, தமிழராலேயே குணமாக்கப்பட வேண்டும் என்பது மட்டாஞ்சேரி தமிழர் பண்பாட்டுக் காப்பு மன்றத்தின் அசைக்க முடியாத கொள்கை. உலகத்தில் வேறெந்த மன்றமும் இப்படியொரு கொள்கையை இயற்றியதில்லை என்று பெருமையோடு சொல்வேன். இயற்றியவன் நான்தான், மன்றத்தின் செயலாளர். இயற்ற நேர்ந்ததற்குக் காரணம் என் அண்ணன் தங்கதுரையின் மகள் அதிதி.

அண்ணனுக்கு மட்டாஞ்சேரியில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம். கீழே கிடங்கு, மேலே நாங்கள் எல்லாரும் இருக்கும் வீடு. அந்த வீட்டில் யார் கண்ணில் நீர் வந்தாலும் காரணம் கேட்கும் வழக்கமில்லை. மிளகாய் நெடி என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் அதிதி பல நாளாக அழுதுகொண்டிருந்தது எங்கள் கவனத்துக்கு வரவில்லை. கடைசியில் அவளே வந்து சொல்லவேண்டியதாயிற்று.

எர்ணாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. பிறந்தது, படித்தது எல்லாம் கொச்சியில் என்பதால் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். பேச்சிலும் பாதி மலையாளம் வந்து உட்கார்ந்திருக்கும்.

"சாயங்காலம் பஸ்ஸில ஏறினா ஒரு வெப்ராளம் வருது சித்தப்பா. நெஞ்சு அடிக்குது, கை விறைக்குது, மூச்சு கிட்டல. ஒரு தெரபிஸ்ட்டைக் காணணும்" என்றாள்.

நான் உடனே மன்றத்தைக் கூட்டினேன். வெப்ராளம் என்பது தூய தமிழில் என்ன என்ற விவாதத்தில் அனல் பறந்தது. பதற்றம், பரபரப்பு, படபடப்பு ஆகிய மூன்றும் களத்தில் நின்றன. படபடப்பு வென்றது. நோயில் பாதி அன்றைக்கே தீர்ந்துவிட்டதாக உறுப்பினர்கள் கருதினார்கள்.

காலையில் வேலைக்குப் போகும்போது ஒன்றும் ஆவதில்லை, வீடு திரும்பும்போதுதான் இப்படி ஆகிறது என்று அவள் தெளிவாகவே சொல்லியிருந்தாள். ஆகவே மாலை நேர பஸ்களின் நெரிசலே காரணம் என்று அண்ணனும் தெளிவாகவே புரிந்துகொண்டார். வீட்டில் அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முன் வேலையை விட்டுவிட வேண்டும் என்பதும் அவளைத் தவிர எல்லாரும் கலந்து பேசி முடிவு செய்த விஷயம். இதற்கும் படபடப்புக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் அத்தனை பண்பட்ட குடும்பம்.

அலுவலகத் தோழி ஒருத்தி, கலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருக்கும் கமலாக்ஷி என்ற ஆலோசகரைப் பற்றி அதிதியிடம் சொல்லியிருந்தாள். மலையாளி. தாய்மாமன் சீர் என்றால் என்ன, குலதெய்வம் எது, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் எந்தக் கோணத்தில் தலை குனிய வேண்டும் என்பதெல்லாம் அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். எனக்கு மலையாளத்தில் நன்றாகப் பேச வருமே என்றாள் அதிதி. அதுதான் ஆபத்து என்றார் அண்ணன்.

நம் பண்பாட்டைப் புரிந்த ஆலோசகரைத் தேட என் தலைமையில் 'உயர்நிலைத் துணைக்குழு' அமைந்தது. கோயம்புத்தூர் அம்மாள் ஒருவர் முதலில் போனில் கிடைத்தார். நல்ல தமிழ். ஆனால் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பெண்ணிடம் போனைக் கொடுங்கள், அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்கவேண்டும் என்றார். அடிப்படைப் பண்பாடே தெரியாதவர் என்று நீக்கினோம்.

அடுத்தவர் சென்னைக்காரர். நான் மிக மரியாதையாக அவருக்கு எந்த ஊர் என்று கேட்டேன். சென்னை என்றார். அதற்கு முன்னால் என்றேன். அதற்கு முன்னாலும் சென்னைதானாம். அப்பாவுக்கு எந்த ஊர், அங்கே எந்தத் தெரு என்று கேட்டதும் அவருக்கு நான் எதைக் கேட்கிறேன் என்பது விளங்கிவிட்டது. அப்படி நொடியில் விளங்கிக்கொண்டதிலிருந்தே அவர் அசல் தமிழர் என்று உறுதியாயிற்று. ஆனால் அதற்குள் போனை வைத்துவிட்டார்.

ஒருவழியாகக் கிடைத்தார் சுதர்ஷன். மனநல ஆலோசகர், எர்ணாகுளத்திலேயே அறை. எங்கள் பூர்வீகம் அருப்புக்கோட்டைப் பக்கம். அவருக்கு அதற்கு அடுத்த ஊர். ஒரே குலதெய்வம். எந்தத் தெரு என்று நான் கேட்கும் முன்னால் அவரே என்னைக் கேட்டார். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

குறித்த நாளில் அண்ணன், அண்ணி, நான், என் மனைவி மூக்கம்மாள் நான்கு பேரும் ஒரு டின் சீடையோடு புறப்பட்டோம். ஆட்டோ கிளம்பும்போதுதான் அதிதியும் வரவேண்டும் என்பது ஞாபகம் வந்து இன்னொரு ஆட்டோ பிடித்தோம்.

அறையில் எல்லாரும் உட்கார்ந்ததும் அதிதி வாயைத் திறந்தாள். சுதர்ஷன் கையை உயர்த்தித் தடுத்தார்.

"நீ ஒண்ணுமே சொல்ல வேண்டாம்மா. நம்ம வீட்டுப் பொண்ணு மனசு எனக்குத் தெரியாதா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். இதையல்லவா பண்பாட்டுப் பொருத்தம் என்பது! நோயாளி ஒரு வார்த்தை பேசாமலே முழு நேரமும் ஆலோசகரே பேசி முடித்தார். வெப்ராளம் மலையாளிகளுக்கு வருவது, நம் பெண்களுக்கு வருவது வயதுக்கு உண்டான சின்னத் தடுமாற்றம்தான், அப்பா அம்மா சொல்வதைக் கேட்டு அனுசரித்துப் போனால் தானாக அடங்கிவிடும் என்றார். அண்ணன் கண் கலங்கினார். அதிதிக்கும் கண்ணில் தாரை தாரையாக வந்தது. அங்கே மிளகாய் கிடையாது. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார் அண்ணன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவள் தனியாகவே போய்வந்தாள். அவள் வீடு வந்து சேருமுன் சுதர்ஷனின் போன் எங்களுக்கு வந்துவிடும். என்ன கேட்டார், அவள் என்ன சொன்னாள், சொல்லும்போது முகம் எப்படி இருந்தது, எதை மறைத்தாள் என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பார். 'உளவியல்' என்ற சொல்லின் முன்பாதியை அவ்வளவு ஆழமாகக் கற்ற இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

சில வாரங்களிலேயே பலன் தெரிந்தது. அதிதி சாப்பிட்டாள், தூங்கினாள். மாலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சிரித்த முகத்தோடு இறங்கினாள். சுதர்ஷன் மகிழ்ந்து, சிகிச்சையின் அடுத்த கட்டமாகத் தன் அக்காள் மகன் ஜாதகத்தை அனுப்பிவைத்தார். பொருந்தியது. ஒரே ஆள் ஆலோசகராகவும் சம்பந்தியாகவும் அமையும் பாக்கியம் எந்த நாட்டு மருத்துவத்தில் உண்டு?

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அதிதி காப்பித் தட்டோடு வந்தாள். தலை குனியவில்லை. தட்டை மேசைமேல் வைத்துவிட்டு மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். வேலையும் விட மாட்டேன். உங்க பேர்ல எனக்கு ஒரு தேஷ்யமும் கோபமும் இல்ல. காப்பி ஆறிப்போகும், குடிங்க."

குரல் உயரவில்லை, கண் கலங்கவில்லை. மாப்பிள்ளை நிம்மதியாக மூச்சு விட்டுக் காப்பியைக் குடித்தார். பெண் அழுது மறுத்தால் அது நம் பண்பாட்டுக்கு உட்பட்டது. அதற்கு எங்களிடம் ஆயிரம் வைத்தியம் உண்டு. இப்படிக் காப்பி கொடுத்து உபசரித்து மறுத்தால் என்ன செய்வது என்று முன்னோர் யாரும் சொல்லிவைக்கவில்லை.

வந்தவர்கள் போனதும், இந்தத் தைரியத்தை யார் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அவள் ஒளிக்கவே இல்லை. ஆரம்பம் முதலே மதிய இடைவேளைகளில் கலூருக்குப் போய்க் கமலாக்ஷியைப் பார்த்துவருவதாகச் சொன்னாள்.

மறுநாளே மன்றத்தின் கண்டனத்தைத் தெரிவிக்கக் கலூருக்குப் போனேன். மாடியில் சின்ன அறை. கமலாக்ஷி நரைத்த தலையும் கதர்ச் சேலையுமாக இருந்தார். என்னை உட்காரச் சொல்லி சாயா வரவழைத்துக் கொடுத்தார். என் அண்ணன் மகள் இங்கே என்னென்ன சொன்னாள் என்பதை உடனே தெரிவிக்க வேண்டும் என்றேன். அப்படி ஒருத்தி இங்கே வருகிறாளா இல்லையா என்பதைக்கூடத் தன்னால் சொல்ல முடியாது என்றார். நான் அவளுடைய சித்தப்பா, அதற்குமேல் மன்றத்தின் செயலாளர் என்று விளக்கினேன். சாயாவுக்கு இனிப்பு போதுமா என்று கேட்டார்.

"எங்க பண்பாட்டைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் அறியாது சாரே. அதுகொண்டு வர்றவங்ககிட்ட கேட்பேன். அவங்க சொல்லி முடிக்கிறது வரைக்கும் காத்திருப்பேன்."

பண்பாடு புரிந்தவருக்கும் புரியாதவருக்கும் உள்ள வித்தியாசத்தை அன்று நேரில் கண்டேன். புரிந்தவர், அவள் சொல்லாததையும் எங்களைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார். புரியாதவரோ, அவள் சொன்னதையே சொல்ல மறுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அதிதியிடம் இதை எடுத்துச் சொன்னேன். அந்த அம்மாளுக்கு நம்மைப் பற்றி அரிச்சுவடிகூடத் தெரியாது, அவரே ஒப்புக்கொண்டார் என்றேன். மூக்கம்மாளும் பக்கத்தில் இருந்தாள்.

"நம்மள நல்லாத் தெரிஞ்சவங்ககிட்ட போயி நம்மளப் பத்தி எப்படிச் சொல்றது சித்தப்பா?" என்றாள் அதிதி.

கேள்வியில் இலக்கணப் பிழை இல்லை என்பதால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு மன்றத்துக்குக் கிளம்பினேன். அன்று மாலை மன்றம் அவசரமாகக் கூடியது. நம் பழக்கவழக்கம் எதுவும் தெரியாத, நம் ஆட்கள் ஒருவரோடும் பழக்கமில்லாத, கேட்டதை வெளியே சொல்லாத ஆலோசகர்களை நம் பெண்கள் அணுகக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். பெண்கள் கூட்டத்துக்கு வரும் வழக்கம் இல்லாததால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

வீட்டுக்கு வந்து மூக்கம்மாளிடம் தீர்மானத்தை முழுவதும் வாசித்துக் காட்டினேன். எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. நான் வாசிப்பதை அவள் அவ்வளவு கவனமாகக் கேட்டது அதுவே முதல் தடவை. கிண்டிக்கொண்டிருந்த உப்புமாவை இறக்கி வைத்தாள்.

"அந்தக் கலூர் அம்மாவுக்கு நெசமாவே நம்ம ஆளுக யாரையும் தெரியாதாங்க?"

ஒருவரைக்கூடத் தெரியாது என்று மன்றத்தின் சார்பில் உறுதியளித்தேன்.

"யாருகிட்டயும் சொல்லவும் மாட்டாங்களா?"

என்னிடமே சொல்லவில்லை என்றேன், கசப்போடு.

மூக்கம்மாள் அடுப்பை அணைத்தாள். "எந்தெந்தக் கெழமை இருப்பாங்களாம்?" என்றாள்.